எ கிறிஸ்மஸ் ஸ்டோரி: தியேட்டர்ல சுமாரா ஓடின படத்தை 24 மணி நேரம் ஏன் டிவியில ஓட்றாங்க?

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 24 ராத்திரி அமெரிக்க கேபிள் டிவியில ஒரு விஷயம் நடக்கும், முதல் தடவை பாக்கறவங்களுக்கு சேனல் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு தான் தோணும். ஒரே படம். முடியும், உடனே மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அது முடிஞ்சா இன்னொரு தடவை, இப்படியே மறுநாள் ராத்திரி வரைக்கும் 12 தடவை. படத்து பேரு 'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி', வந்த வருஷம் 1983. அங்க புதுசா குடி போனவங்களுக்கு இது பெரிய குழப்பம், பக்கத்து வீட்டு ஜன்னல்ல வலை ஸ்டாக்கிங்ஸ் போட்ட ஒத்தக் கால் வடிவத்துல ஒரு லேம்ப் எரியும், கடையில பெரியவங்க சைஸ்ல பிங்க் முயல் டிரெஸ் தொங்கும், ஆபீஸ்ல யாராவது "கண்ணைச் சுட்டுக்குவடா"ன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. இது எல்லாமே இந்த ஒரு படத்துல இருந்து வந்தது. பெரிய ஸ்டார் யாரும் இல்ல, வந்தப்போ பெருசா பேசப்படவும் இல்ல, அப்புறம் எப்படி இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு அடியில இருந்து பாக்கலாம்.

முதல்ல கதை

இடம் அமெரிக்காவோட இண்டியானா மாநிலத்துல ஹோமன்னு ஒரு கற்பனை ஊர். காலம் கிட்டத்தட்ட 1940. ரால்ஃபின்னு 9 வயசு பையன், கண்ணாடி போட்டவன், அவனுக்கு ஒரு தம்பி ராண்டி. அப்பாவுக்குப் படத்துல பேரே கிடையாது, பையன் அவரை 'ஓல்டு மேன்'னு தான் சொல்வான். அம்மா பேரையும் யாரும் கூப்பிட மாட்டாங்க. குழந்தைக்கு அப்பா அம்மான்னா அப்பா அம்மா தான், அவங்களுக்குன்னு தனியா ஒரு பேரு இருக்குங்கறதே உறைக்காத வயசு அது, அந்தப் பார்வையை விட்டு படம் கடைசி வரைக்கும் வெளிய வராது.

ரால்ஃபிக்கு கிறிஸ்மஸ் பரிசா 'ரெட் ரைடர்' பிபி கன்ங்கற காத்து துப்பாக்கி வேணும். இவ்வளவு தான் கதை. அதுக்கு மூணு இடத்துல ஒரே பதில் தான் கிடைக்குது:

1. அம்மா கிட்ட வாய் தவறி கேட்டுடறான். "கண்ணைச் சுட்டுக்குவ."
2. ஸ்கூல்ல 'கிறிஸ்மஸுக்கு எனக்கு என்ன வேணும்'னு கட்டுரை எழுதச் சொல்றாங்க, டீச்சர் படிச்சுட்டு கண்ணீர் விட்டு பாராட்டுவாங்கன்னு கனவு கண்டுட்டே எழுதித் தர்றான். திரும்பி வந்த பேப்பர்ல சி பிளஸ் மார்க், கீழ அதே வரி.
3. கடைசி நம்பிக்கை, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல உக்காந்திருக்கற சாண்டா. அவர் கிட்ட போனதும் பயத்துல வாயே வரல, சறுக்குல தள்ளி விட்டப்புறம் பாதியில பிடிச்சு நிறுத்தி மேல ஏறி வந்து கத்திச் சொல்றான், சாண்டாவும் அதே வரியைச் சொல்லிட்டு பூட்ஸ் காலால நெத்தியில அழுத்தி கீழ தள்ளி விட்டுடறார்.

நடுவுல தனித்தனியா பல சம்பவம் வருது. அப்பாவுக்குப் போட்டியில பரிசா அந்தக் கால் லேம்ப் வருது, அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. தெரு ரவுடிப் பையன் ஒருத்தன் எல்லாரையும் மிரட்டறான். பக்கத்து வீட்டு நாய்ங்க வந்து வான்கோழியைத் தின்னுட்டுப் போகுது. இந்த 'தனித்தனியா'ங்கறதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, மொத்த விளக்கமும் பின்னாடி அதுல தான் வந்து நிக்கப் போகுது.

பிபி கன்னா என்ன, பெரியவங்களுக்கு ஏன் அவ்ளோ பயம்

தீபாவளிக்கு வாங்கற ரோல் கேப் துப்பாக்கி மாதிரி சத்தம் மட்டும் போடற சாமான் இல்ல இது. உள்ள ஸ்பிரிங் இருக்கும், லீவரை இழுத்தா அது இறுகும், ட்ரிகரை அழுத்தினதும் விடுபட்டு காத்தை அழுத்தி, கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர் சைஸ் இருக்கற குட்டி இரும்புக் குண்டை வெளிய தள்ளும். பொதுவா உயிருக்கு ஆபத்து வராது, ஆனா கண்ணுல பட்டா பார்வை போயிடும். கடினமான இரும்புப் பரப்புல பட்டா எகிறி சுட்டவன் மேலயே திரும்பி வரலாம், அதனால அம்மா சொல்ற வரி வெறும் மிரட்டல் இல்ல.

டெய்சின்னு ஒரு கம்பெனி இதைச் செய்யுது. இரும்புக் காற்றாலை விக்கற கம்பெனியா மிச்சிகன்ல ஆரம்பிச்சது, அப்புறம் காத்து துப்பாக்கிக்கு மாறிச்சு. ரெட் ரைடர்ங்கறது 1938ல வந்த ஒரு கௌபாய் காமிக்ஸ் ஹீரோ, அவன் பேரை வெச்சு துப்பாக்கி வித்தாங்க. பிரபல கேரக்டர் பேரை பொருள் மேல ஒட்டி குழந்தைங்க கிட்ட விக்கற வித்தை அப்பவே நல்லா பழக்கத்துல இருந்துச்சு. படத்துல அந்தத் துப்பாக்கியோட கட்டையில ஒரு திசைகாட்டியும் நேரம் பாக்கற சன்டயலும் இருக்கும், நிஜமான ரெட் ரைடர் மாடல்ல அது ரெண்டும் கிடையாது, டெய்சியோட வேற ஒரு மாடல்ல இருந்தது. எழுதினவரோட ஞாபகத்துல ரெண்டும் கலந்து போயிருக்கணும். படத்துக்குன்னே டெய்சி கம்பெனி தனியா செஞ்சு கொடுத்துச்சு. பழைய ஞாபகத்தை வெச்சு எடுத்த படத்துல முக்கியமான பொருளே இல்லாத ஒண்ணா இருக்கறது எனக்கு ரொம்பப் பொருத்தமா படுது, சின்ன வயசுல ஆசைப்பட்ட பொருள் எல்லாம் மனசுக்குள்ள கொஞ்சம் கூடுதல் பாகங்களோட தான் இருக்கும்.

கதை ரேடியோவுல பொறந்தது

இதை எழுதினவர் ஜீன் ஷெப்பர்ட், 1921ல பொறந்தவர், இண்டியானாவுல ஹேமண்ட்ங்கற ஊர்ல வளந்தவர். சுத்தி முழுக்க இரும்பு ஆலைங்க, சுத்திகரிப்பு ஆலைங்க. அந்த ஊர்ல ஹோமன்னு ஒரு பெரிய ரோடு உண்டு, படத்து ஊருக்குப் பேரு அங்க இருந்து வந்தது தான். பின்னாடி நியூயார்க்ல டபிள்யூ.ஓ.ஆர் ரேடியோ ஸ்டேஷன்ல ராத்திரி நேரத்துல பேச ஆரம்பிச்சார். கையில ஸ்கிரிப்ட் எதுவும் வெச்சுக்காம மைக் முன்னாடி உக்காந்து தன் சின்ன வயசைப் பத்தி மணிக்கணக்கா கதை சொல்வார், எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போய் கடைசியில ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேருவார். 1955ல இருந்து 1977 வரைக்கும் இது ஓடுச்சு. இந்தக் கதைங்க சிலதை 1960கள்ல பத்திரிகையில எழுதினார், 1966ல புத்தகமாவும் வந்துச்சு.

டைரக்டர் பாப் கிளார்க் கார் ஓட்டிட்டுப் போகும்போது ரேடியோவுல இந்தக் கதையில ஒண்ணைக் கேட்டிருக்கார், கேட்டதுல இருந்து இதைப் படமா எடுத்தே ஆகணும்னு பல வருஷம் பிடிவாதமா இருந்தார். ஸ்டுடியோக்காரங்க யாரும் அசையல. கடைசியில அவர் எடுத்த 'போர்க்கீஸ்'ங்கற டீனேஜ் காமெடி 1982ல வசூல்ல சக்கை போடு போட்டுச்சு, அதுக்கப்புறம் தான் எம்ஜிஎம் சரின்னு சொன்னாங்க. இந்தக் கிளார்க் தான் 1974ல 'பிளாக் கிறிஸ்மஸ்'னு கிறிஸ்மஸ் சமயத்துல நடக்கற கொலைப் படம் ஒண்ணும் எடுத்திருந்தார், அந்த மனுஷனா இந்தப் படத்தை எடுத்தார்னு ஆச்சரியமா தான் இருக்கு. திரைக்கதையை ஷெப்பர்ட், அவர் மனைவி லீ பிரவுன், கிளார்க் மூணு பேரும் சேர்ந்து எழுதினாங்க. சாண்டாவைப் பாக்க நிக்கற க்யூவுல ரால்ஃபியை அதட்டி "லைன் அங்க இருந்து ஆரம்பிக்குது"ன்னு பின்னாடி அனுப்பற ஆள் ஷெப்பர்டே தான்.

சிரிப்பு எங்க இருந்து வருது: ரெண்டு குரல்

படம் முழுக்க ஒரு பெரியவர் குரல் பேசிட்டே இருக்கும். வளந்த ரால்ஃபியோட குரல், பேசறவர் ஷெப்பர்ட். பின்னணியில கதை சொல்றது சினிமாவுக்குப் புதுசு இல்ல, நம்ம ஊர்ப் படங்கள்ல ஏராளம். இங்க விஷயம் என்னன்னா, காட்சியில நடக்கறது பொடிப்பையன் சமாச்சாரம், குரல் பேசறது போர்க்களத்தைப் பத்தி பேசற பாஷை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்துல தான் சிரிப்பு. ஆனா அந்தக் குரல் பையனை ஒரு தடவை கூட மட்டம் தட்டாது, அவனுக்கு அது எவ்ளோ பெரிய விஷயமா இருந்துச்சோ அதே சைஸ்ல இப்பவும் மதிச்சுப் பேசும். இதை மத்தவங்க காப்பி அடிச்சப்போ பல தடவை கோட்டை விட்டது இந்த இடத்துல தான்.

ஒரு காட்சியை மட்டும் கிட்ட போய் பாக்கலாம், டீகோடர் காட்சி. 1930கள்ல அமெரிக்காவுல டிவி வீட்டுக்கு வரல, குழந்தைங்க சாயங்காலம் ரேடியோ முன்னாடி உக்காருவாங்க. 'லிட்டில் ஆர்ஃபன் ஆனி'ன்னு ஒரு தொடர், அதுக்கு ஸ்பான்சர் ஓவல்டின், நம்ம வீட்டு அலமாரிகள்லயும் இருந்த அதே ஓவல்டின். டப்பாவுல இருக்கற சீலைக் கிழிச்சு தபால்ல அனுப்பினா ஒரு டீகோடர் பின் வரும். வட்டமான சின்ன உலோகத் தகடு, ஒரு வளையத்துல எழுத்து, இன்னொண்ணுல நம்பர், சுத்தலாம். நிகழ்ச்சி முடிவுல அறிவிப்பாளர் முதல்ல எப்படி செட் பண்ணணும்னு சொல்வார், அப்புறம் வரிசையா நம்பர் படிப்பார். நம்பருக்கு நேரா இருக்கற எழுத்தை எடுத்து எழுதினா ரகசியச் செய்தி. எழுத்துக்குப் பதிலா நம்பர் மாத்தி வெக்கற சாதாரண சங்கேதம் தான், ஆனா தகடு இல்லாதவனுக்கு அது வெறும் நம்பர், அதனால இருக்கறவன் ஏதோ பெரிய ரகசிய சங்கத்து ஆள் மாதிரி ஆயிடுவான்.

ரால்ஃபி வாரக்கணக்கா காத்திருந்து பின் கிடைச்சு, நம்பரை எழுதிட்டு பாத்ரூமுக்கு ஓடி கதவைச் சாத்திக்கறான், ஏன்னா ஒன்பது வயசு பையன் தனியா இருக்க முடியற ஒரே ரூம் அது தான். வெளிய தம்பி அவசரம்னு கதவைத் தட்டறான், அம்மா கூப்பிடறாங்க, இவன் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு எழுத்தா கண்டுபிடிக்கறான். ஆனியோட உயிருக்கே ஆபத்தா இருக்குமோ, உலகத்தைக் காப்பாத்தணுமோன்னு யோசிச்சுட்டே கடைசி எழுத்து வரைக்கும் போறான். செய்தி இது தான்: மறக்காம ஓவல்டின் குடிங்க. அவன் முகத்தைப் பாருங்க, விளம்பரம்னா என்னன்னு வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தனுக்குப் புரியற முகம் அது. அழுக்குப் பிடிச்ச ஒரு விளம்பரமான்னு அவனே கேக்கறான், குரலும் அங்க ரொம்ப நேரம் புலம்பாம நகந்துடும்.

இதே மாதிரி இன்னொரு புகழ்பெத்த காட்சி, பனிக்காலத்துல இரும்புக் கொடிக்கம்பத்துல நாக்கை வெக்கறது. "வெச்சுக் காட்டு பாப்போம்"னு பசங்க சவால் விட்டு சவாலை ஏத்திக்கிட்டே போக ஃபிளிக்ங்கற பையன் வெச்சுடறான், நாக்கு ஒட்டிக்குது, மணி அடிச்சதும் கூட நின்னவங்க எல்லாம் க்ளாஸுக்கு ஓடிடறாங்க. நிஜமாவே ஒட்டுமான்னு பல பேர் கேக்கறாங்க. ஒட்டும். உலோகம் சூட்டை ரொம்ப வேகமா உறிஞ்சும், நாக்குல இருக்கற ஈரம் உறைஞ்சு ஐஸ் ஆகறதுக்குள்ள உடம்பால அந்தச் சூட்டை ஈடு கட்ட முடியாது, பிடிச்சு இழுத்தா தோல் தான் உரியும். வெதுவெதுப்பான தண்ணி ஊத்தணும். ஷூட்டிங்ல கம்பத்துக்குள்ள மறைவா காத்தை உறிஞ்சற குழாய் வெச்சு ஒட்டின மாதிரி காட்டினாங்க.

பழைய நினைவுன்னு சொல்லிட்டு உண்மையையும் சொல்ற படம்

பண்டிகைப் படம்னா பெரும்பாலும் வீடு முழுக்க விளக்கு, மேஜை முழுக்க சாப்பாடு, எல்லாரும் நல்லவங்க. இதுல அப்படி இல்ல. அமெரிக்காவை 1929ல இருந்து உலுக்கின பெரிய பொருளாதார வீழ்ச்சி ஓஞ்சுக்கிட்டு வர காலம் அது. பழைய கார் பனியில ஸ்டார்ட் ஆகாது, டயர் பஞ்சர் ஆகும், நிலக்கரி ஃபர்னஸ் புகையும், அப்பா கீழ போய் அதோட சண்டை போட்டுட்டே கெட்ட வார்த்தையை மழையா பொழிவார். அம்மா சாப்பாட்டு மேஜையில ஒரு வாய் எடுத்து வெக்கறதுக்குள்ள யாராவது எதையாவது கேப்பாங்க, எழுந்துக்குவாங்க, மறுபடி உக்காருவாங்க, மறுபடி எழுந்துக்குவாங்க. என் அம்மா 15 வருஷமா சூடா ஒரு சாப்பாடு சாப்பிட்டதே இல்லன்னு குரல் போற போக்குல சொல்லிட்டுப் போகும். அந்த வரிக்கு எந்த நாட்டுக்காரனும் விளக்கம் கேக்க மாட்டான்.

பையன் வாயில கெட்ட வார்த்தை வந்ததும் அம்மா அவன் வாயில சோப்பை வெச்சு உக்கார வெக்கறாங்க, எங்க கத்துக்கிட்டன்னு கேக்கறாங்க. அப்பா தினமும் பேசறது தான், ஆனா அதைச் சொல்ல முடியுமா, நண்பன் பேரைச் சொல்லிடறான், அந்தப் பையன் அவங்க அம்மா கிட்ட உதை வாங்கற சத்தம் போன்ல கேக்குது. இதுக்காக படம் யாரையும் கெட்டவங்களா காட்டறது இல்ல, யாருக்கும் புத்தி சொல்றது இல்ல.

எனக்குப் படத்துலயே உசத்தியா தெரியறது சண்டைக்குப் பின்னாடி வர காட்சி. சி பிளஸ் வாங்கிட்டு நொந்து போய் வர ரால்ஃபி மூஞ்சியில அந்த ரவுடிப் பையன் பனி உருண்டையை எறியறான், இத்தனை நாள் அடக்கி வெச்சது எல்லாம் உடைஞ்சு அழுதுட்டே, திட்டிட்டே அவனைப் போட்டு மொத்தறான். அம்மா தான் வந்து இழுத்துட்டுப் போறாங்க. அப்பா வந்தா தொலைச்சுடுவார்னு தம்பி கிச்சன் சிங்க்குக்கு அடியில இருக்கற அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அழறான், அம்மா கதவைத் திறந்து அவனை வெளிய இழுக்கல, பால் வேணுமான்னு கேட்டு ஒரு டம்ளரை உள்ள நீட்டறாங்க. ராத்திரி சாப்பாட்டுல அப்பா என்ன விசேஷம்னு கேக்கறப்போ, பசங்களுக்குள்ள சின்ன சண்டை, நான் சொல்லிட்டேன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டு உடனே ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் மேட்ச் பத்தி பேச்சை மாத்திடறாங்க. அப்பா மேட்ச்சுக்குத் தாவிடறார். ரால்ஃபி அம்மாவைப் பாக்கறான், அம்மா அவனைப் பாக்கறாங்க. அவ்ளோ தான். அம்மாவா நடிச்ச மெலிண்டா டில்லன் அந்தப் பார்வையை எப்படி பண்ணியிருக்காங்கன்னு பாக்கறதுக்காகவே படத்தை இன்னொரு தடவை போடலாம்.

இன்னும் ஒண்ணு. எல்லாரும் வேண்டாம்னு சொன்ன துப்பாக்கியை கடைசியில வாங்கித் தர்றது யாருன்னா, படம் முழுக்க கத்திட்டு இருந்த அந்த அப்பா தான். அம்மாவுக்கே தெரியாது. முதல் குண்டு இரும்புப் போர்டுல பட்டு எகிறி அவன் முகத்துக்கே வருது, கண்ணாடி கீழ விழுந்து அவன் காலாலயே மிதிபட்டு உடையுது. அப்போ பெரியவங்க சொன்னது சரி தான். அவன் ஆசைப்பட்டதும் சரி தான். ரெண்டையும் விட்டுக் கொடுக்காம முடிக்கறாங்களே, அந்த நேர்மை பண்டிகைப் படங்கள்ல ரொம்ப அபூர்வம்.

தியேட்டர்ல என்ன ஆச்சு

1983 நவம்பர் 18 ரிலீஸ். சுமார் 33 லட்சம் டாலர்ல எடுத்த படம், அமெரிக்காவுல கிட்டத்தட்ட 2 கோடி டாலர் வசூல் பண்ணிச்சு. போட்ட காசுக்கு நஷ்டம்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா பெரிய ஹிட்டும் இல்ல. விமர்சனம் கலவையா வந்துச்சு. பாதிச்சது ரிலீஸ் தேதி. நவம்பர் நடுவுல வந்ததால டிசம்பர் பெரிய படங்க வரிசையா இறங்கினதும் பெரும்பாலான தியேட்டர்ல இதைத் தூக்கிட்டாங்க, கிறிஸ்மஸ் அன்னைக்கே கிறிஸ்மஸ் படம் நிறைய ஊர்ல ஓடல.

அப்புறம் டிவி: இது தான் முக்கியமான திருப்பம்

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், லைப்ரரி. ஒரு ஸ்டுடியோ இத்தனை வருஷமா எடுத்து உரிமை வெச்சிருக்கற மொத்தப் படத் தொகுப்பைத் தான் அப்படி சொல்வாங்க. அதை முழுசா விக்கலாம், வாங்கலாம். இப்போ வரிசையா பாருங்க:

1. டெட் டர்னர்ங்கற கேபிள் டிவி முதலாளி 1986ல எம்ஜிஎம் ஸ்டுடியோவை வாங்கறார். கடன் தாங்காம சீக்கிரமே மத்ததை எல்லாம் திருப்பி வித்துட்டு பழைய படங்களோட லைப்ரரியை மட்டும் கையில வெச்சுக்கறார். அந்தக் குவியல்ல 1983 படமான இதுவும் வந்துடுது.
2. சொந்தப் படத்தை சொந்த சேனல்ல எத்தனை தடவை போட்டாலும் வெளியாளுக்கு உரிமைப் பணம் தர வேண்டாம். அதனால டர்னர் சேனல்கள்ல டிசம்பர்ல இந்தப் படம் அடிக்கடி வர ஆரம்பிக்குது. வீடியோ கேசட்டும் இன்னொரு பக்கம் வீடு வீடா கொண்டு போகுது.
3. 1997ல அந்த டர்னர் சேனல்கள்ல ஒண்ணான டிஎன்டி 24 மணி நேர மாரத்தானை ஆரம்பிக்குது. பண்டிகை அன்னைக்கு புது நிகழ்ச்சிக்கு செலவு பண்ணினா பாக்க ஆள் கம்மி, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டறது சேனலுக்கும் சௌகரியம்.
4. 2004ல அது டிபிஎஸ் சேனலுக்கு மாறுது, 2014ல இருந்து ரெண்டு சேனல்லயும் கொஞ்ச நேர வித்தியாசத்துல ஓடுது.

இதோட ஒப்பிட 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'ங்கற 1946 படத்தையும் சொல்லணும். அதுவும் வந்தப்போ சரியா போகல. 1974ல அதோட காப்பிரைட்டைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க, அதனால எந்த ஸ்டேஷன் வேணா காசு இல்லாம போடலாம்னு ஆகி ஊர் ஊரா ஓடி கிறிஸ்மஸ் படமா ஆயிடுச்சு. அது யாருக்கும் சொந்தம் இல்லாததால பரவிச்சு, இது ஒரே ஆள் கைக்குப் போனதால பரவிச்சு. வழி நேர் எதிர், நடந்தது ஒண்ணு தான்: ஜனங்க தேடிப் போய் பாக்கல, டிவியைப் போட்டப்போ எல்லாம் அங்க இருந்துச்சு.

டிவி மட்டும் தான் காரணமா?

நிறைய பேர் இதோட விளக்கத்தை முடிச்சுடறாங்க, திரும்பத் திரும்ப போட்டா எது வேணா பிடிச்சுப் போகும்னு. எனக்கு அது ஒத்து வரல. அந்த லைப்ரரியில ஆயிரக்கணக்கான படம் இருந்துச்சு, டிவியில எல்லாமே வந்துச்சு, எல்லாம் இப்படி ஆகல. மேல சொன்ன 'தனித்தனியா'ங்கற விஷயத்துக்கு இப்போ வருவோம்.

இந்தப் படத்துல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஏறிப் போற கதை கிடையாது. ரேடியோவுல தனித்தனிக் கதையா சொன்னதைக் கோத்து வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் அஞ்சு பத்து நிமிஷத்துல தானா முடிஞ்சுடும். தியேட்டர்ல ஒரே மூச்சுல பாக்கறவங்களுக்கு இது எங்க தான் போகுதுன்னு அலுப்பு தட்டலாம். ஆனா கிறிஸ்மஸ் அன்னைக்கு வீட்டுல யாரும் ஒன்றரை மணி நேரம் அசையாம உக்காந்து படம் பாக்கறது இல்ல, ஒருத்தர் சமையல்ல இருப்பாங்க, ஒருத்தர் விருந்தாளியைக் கூட்டிட்டு வரப் போயிருப்பார், குழந்தைங்க பரிசைப் பிரிச்சுட்டு இருப்பாங்க, அந்த வழியா போகும்போது நாக்கு ஒட்டற காட்சி வந்தா நின்னு பாத்துட்டு சிரிச்சுட்டுப் போகலாம், முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாரும் விளக்க வேண்டாம், விட்டுப் போனதும் ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப வரும். தியேட்டர்ல பலவீனமா தெரிஞ்ச அதே அமைப்பு கூடத்துல பெரிய பலம் ஆயிடுச்சு. ஷெப்பர்ட் ராத்திரியில ரேடியோவுல கதை சொன்னப்பவும் ஜனங்க அப்படித் தானே கேட்டிருப்பாங்க, கார்லயும் கிச்சன்லயும் பாதி கேட்டு பாதி விட்டு. படம் சுத்தி வந்து தனக்குப் பொருத்தமான இடத்துல உக்காந்துடுச்சுன்னு தான் நான் சொல்வேன்.

அது போக, படத்துல எந்தக் காட்சியும் 1983ன்னு காட்டிக் கொடுக்காது. ஏற்கனவே 40 வருஷம் பழசான உலகத்தை எடுத்ததால படத்துக்கு வயசானதே தெரியல.

இன்னைக்குப் பாத்தா உறுத்தற இடம்

வான்கோழி போனதும் குடும்பம் சீன ரெஸ்டாரன்ட்டுக்குப் போகும். தலையோட வாத்து வர்றது, அம்மா சிரிப்பை அடக்க முடியாம திணறறது எல்லாம் அழகு. ஆனா அங்க வேலை செய்யறவங்க கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும்போது அவங்க உச்சரிப்பைக் கேலி பண்ற மாதிரி வெச்சிருப்பாங்க, அதுக்கு கண்டனம் ரொம்ப நாளாவே இருக்கு, அது நியாயம் தான். வேற மொழி பேசற வீட்டுல இருந்து போய் அந்த ஊர்ல ஸ்கூல் படிக்கற நம்ம குழந்தைங்களுக்கு அந்தக் கேலி எங்க வலிக்கும்னு பெரியவங்க யோசிக்கணும், கூட உக்காந்து பாத்து பேசிட்டா நல்லது. சண்டையில பையன் திட்டறதும், அப்பா வாயில வர்றதும் பெரும்பாலும் தெளிவான வார்த்தையா இருக்காது, ஆனா சில இடத்துல கெட்ட வார்த்தை தெளிவாவே கேக்கும்.

இதோட விளைவா என்னென்ன நடந்துச்சு

வீடு. கதை இண்டியானாவுல நடந்தாலும் வீட்டோட வெளிப்புறக் காட்சியை ஒஹாயோ மாநிலம் கிளீவ்லேண்ட்ல எடுத்தாங்க, ட்ரெமான்ட் பகுதியில ஒரு சாதாரண தொழிலாளி வீடு. சாண்டா காட்சி அங்க இருந்த ஹிக்பீஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர்லயே எடுத்தாங்க, ஸ்கூல் காட்சி கனடாவுல. அந்த வீடு 2004ல ஈபே ஏலத்துல 1,50,000 டாலருக்குப் போச்சு. வாங்கினவர் ஏற்கனவே கால் லேம்ப் செஞ்சு வித்துட்டு இருந்த ரசிகர். உள்ள எல்லாம் படத்துல இருக்கற மாதிரியே மாத்தி 2006ல மியூசியமா திறந்துட்டார். ஷூட்டிங்குக்காக செஞ்ச நிஜ லேம்ப் ஒண்ணு கூட மிச்சம் இல்ல, எல்லாமே அப்பவே உடைஞ்சு போச்சு, இப்போ ஜன்னல் ஜன்னலா எரியறது எல்லாம் நகல் தான்.

அங்கீகாரம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டியதுன்னு வருஷத்துக்கு 25 படம் தேர்ந்தெடுத்து நேஷனல் ஃபிலிம் ரெஜிஸ்ட்ரியில சேக்கும். 2012ல இதையும் சேத்தாங்க. அதே வருஷம் பிராட்வே மேடையில மியூசிக்கலாவும் வந்துச்சு. பாப் கிளார்க் இது எதையும் பாக்கல, 2007ல குடிச்சுட்டு வண்டி ஓட்டின ஒருத்தனால நடந்த விபத்துல அவரும் அவர் மகனும் போயிட்டாங்க. ஷெப்பர்ட் 1999லயே இறந்துட்டார். ரால்ஃபியா நடிச்ச பீட்டர் பில்லிங்ஸ்லி வளந்து தயாரிப்புப் பக்கம் போனார், 2008 'அயர்ன் மேன்' படத்தோட எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர்கள்ல ஒருத்தர், அந்தப் படத்துல விஞ்ஞானியா வந்து திட்டு வாங்குவாரே, அவரே தான்.

தொடர்ச்சிப் படங்க. 1994ல கிளார்க்கே ஒண்ணு எடுத்தார், 2012ல நேரா டிவிடிக்கு ஒண்ணு வந்துச்சு, ரெண்டும் நிக்கல. 2022 நவம்பர்ல 'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி கிறிஸ்மஸ்'னு பில்லிங்ஸ்லியே வளந்த ரால்ஃபியா நடிச்சு எச்பிஓ மேக்ஸ்ங்கற ஸ்ட்ரீமிங் தளத்துல வந்தது, பழைய நண்பர்களா நடிச்சவங்களும் திரும்பி வந்தாங்க. அப்பா இறந்தப்புறம் பழைய வீட்டுக்கு வந்து பண்டிகை கொண்டாடற கதை, மூணுல இது மட்டும் பாக்கலாம்.

ஆனா இது நேரா ஸ்ட்ரீமிங்குக்குப் போச்சுங்கறதுல தான் அடுத்த கேள்வி இருக்கு. ஸ்ட்ரீமிங்ல படத்தைத் தேடி, அழுத்தி, முதல்ல இருந்து பாக்கணும். போற வழியில கண்ணுல பட்டு நிக்கறதுக்கு அங்க இடம் இல்ல, ரெண்டு மணி நேரத்துல தானா திரும்ப வராது. கேபிள் கனெக்‌ஷனை விடற வீடுங்க கூடிட்டே போகுது, அந்த வீடுகள்ல வளர்ற குழந்தைங்க இந்தப் படத்தை யாராவது எடுத்துக் காட்டினா தான் பாப்பாங்க. முதல் தடவை போடறவங்க மொத்தமா உக்கார வெச்சுடாதீங்க, சாண்டா சறுக்கு வர இடத்துல கூப்பிட்டுக் காட்டுங்க, டீகோடர் காட்சியை இன்னொரு நாள் போடுங்க, மீதியை அவங்களே கேப்பாங்க.